சொன்ன இடத்தில் நிற்கும் கதிர்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. "மூளைக் கட்டியா? கவலை வேண்டாம், புரோட்டான் வந்துவிட்டது, கத்தியின்றி ரத்தமின்றி குணம்" என்று. கீழே நாற்பது பேர் கைகூப்பி இருந்தீர்கள். செய்தியில் பாதி உண்மை, பாதி ஆசை. எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்லலாம் என்றுதான் இந்த நீண்ட பதிவு. நான் வைத்தியன் இல்லை, ஆசிரியர் பயிற்சி முடித்து அறிவியல் பாடம் எடுத்தவன். ஆனால் இதன் வரலாற்றைச் சில மாதமாகத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். ஏன் படித்தேன் என்பதை நடுவில் சொல்கிறேன்.

புரோட்டான் என்றால் என்ன? நம் பாடப்புத்தகத்தில் "நேர்மின்னி" என்று போட்டிருந்தது நினைவிருக்கும். ஹைட்ரஜன் அணுவின் கரு அது. 1919-ல் ரூதர்ஃபோர்டு அதை அணுவிலிருந்து உடைத்து வெளியே எடுத்தார், அடுத்த ஆண்டு பெயர் வைத்தார். ஆனால் நம் கதைக்கு வேண்டிய விஷயம் அதற்கும் முன்னால் நடந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் வில்லியம் பிராக் என்ற பேராசிரியர் 1904-ல் ஆல்ஃபா துகள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். துகள் ஒரு பொருளுக்குள் போகும்போது வழியெல்லாம் சக்தியைச் சமமாகச் செலவழிப்பதில்லை, போகப் போகச் செலவு ஏறி, நிற்பதற்குச் சற்று முன்னால்தான் உச்சத்துக்குப் போகிறது என்று கண்டார். புரோட்டானும் அதே குணம் உள்ளதுதான்.

இதை வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன். திருக்கழுக்குன்றம் தேர்த் திருவிழாவில் முறுக்குக் கூடையோடு ஒருவர் ஓடுகிறார் என்று வையுங்கள். ஓட்டமாக ஓடினால் யாருக்கும் விற்க முடியாது. நடை தளரத் தளர விற்பனை கூடும். கடைசியில் கால் ஓய்ந்து உட்காரும் இடத்தில் கூடையே காலியாகிவிடும். புரோட்டானும் அப்படித்தான். வேகமாகப் போகும்போது பக்கத்து அணுக்களோடு அதிக வியாபாரம் வைத்துக்கொள்ளாது, வேகம் குறையக் குறைய அதிகம் கொடுக்கும். கூடை காலியான இடத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை.

எக்ஸ்ரே அப்படி இல்லை. அது உள்ளே நுழைந்த சற்று ஆழத்திலேயே அதிகம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே உடம்பின் மறுபக்கம் வழியாக வெளியே போகும். கட்டிக்கு முன்னால் இருக்கும் திசுவுக்கும் அடி, பின்னால் இருப்பதற்கும் அடி. 1895-ல் ரோண்ட்ஜென் கண்டுபிடித்ததிலிருந்து கதிர் வைத்தியர்களின் தலைவலி இதுதான். பல கோணங்களிலிருந்து சுற்றிச் சுற்றிச் செலுத்தி, எல்லாக் கதிரும் கட்டியில் மட்டும் சந்திக்கும்படி செய்வார்கள். இன்றைக்கு அதை மிக நன்றாகச் செய்கிறார்கள். ஆனாலும் மறுபக்கம் வெளியேறுவதை நிறுத்த முடியாது, அது எக்ஸ்ரேயின் பிறவிக் குணம்.

துகளைப் பிடித்து வேகமாக ஓட்டுவதற்கு ஒரு கருவி வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் பெர்க்லியில் எர்னெஸ்ட் லாரன்ஸ் 1931-ல் சைக்ளோட்ரான் என்ற ஒன்றை ஓட்டிக் காட்டினார். முதல் கருவி உள்ளங்கை அளவுதான். காந்தத்துக்கு நடுவே துகளைச் சுழலவிட்டு, ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு தள்ளு. ஊஞ்சலில் குழந்தையைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரம் ஏறுவது போல வேகம் ஏறும். 1939-ல் அவருக்கு நோபல் பரிசு. (நம் மேகநாத் சாகாவின் மாணவர் நாக் சௌத்ரி பெர்க்லிக்குப் போய் இதைக் கற்று வந்துதான் கல்கத்தாவில் சைக்ளோட்ரான் வேலை தொடங்கியது. அது தனிக் கதை.)

லாரன்ஸ் வீட்டிலேயே நோய் வந்தது. 1937-ல் அவருடைய தாயாருக்குப் புற்றுநோய், அறுவை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ராபர்ட் ஸ்டோன் என்ற கதிரியல் வைத்தியர் புதிய வலுவான எக்ஸ்ரே கருவியால் வைத்தியம் பார்த்தார். அம்மா பிழைத்து இன்னும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். எர்னெஸ்டின் தம்பி ஜான் ஒரு வைத்தியர். அண்ணன் கருவி செய்ய, தம்பி அதை நோயாளியிடம் கொண்டுபோக, பெர்க்லியில் ஒரு புதுத் துறையே பிறந்தது.

அடுத்து நடந்ததை ஊன்றிப் படியுங்கள். அதே ஸ்டோன், 1938-ல் சைக்ளோட்ரானிலிருந்து கிடைத்த நியூட்ரான் கதிரைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள். கட்டிகள் கரைந்தன, எல்லோருக்கும் மகிழ்ச்சி. வருடங்கள் போகப் போக உயிரோடிருந்தவர்களின் தோலும் சதையும் இறுகி, புண்ணாகி, தாங்க முடியாத அவதி. 1940-களின் கடைசியில் ஸ்டோனே மேடையேறி, இந்தச் சிகிச்சையைத் தொடரக் கூடாது என்று சொன்னார். தன் கையால் வளர்த்ததைத் தானே நிறுத்தச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! புதிய கதிர் என்றாலே நல்ல கதிர் இல்லை என்பதை உலகம் அன்று விலை கொடுத்துக் கற்றது.

இந்த இடத்தில்தான் ராபர்ட் வில்சன் வருகிறார். லாரன்ஸின் மாணவர், போர்க் காலத்தில் லாஸ் அலமாஸில் அணுகுண்டுத் திட்டத்தில் இருந்தவர். போர் முடிந்ததும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் புது சைக்ளோட்ரான் வடிவமைக்கும் வேலை. துகள்கள் சுவரைத் தாண்டாமல் இருக்க எவ்வளவு தடிப்புக் கவசம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, இந்த வேகத்தில் போகும் புரோட்டான் மனித உடம்புக்குள் எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வி வந்தது. கணக்கு சரியாக உடம்பின் அளவுக்கு வந்தது! 1946-ல் கதிரியல் இதழ் ஒன்றில் சில பக்கங்களில் எழுதினார். வேகத்தை மாற்றினால் நிற்கும் ஆழத்தை மாற்றலாம், ஆகவே கட்டி இருக்கும் ஆழத்திலேயே கதிரை நிறுத்தலாம் என்று. 70 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்றால் சுமார் 4 சென்டிமீட்டர், 230 மில்லியன் என்றால் 32 சென்டிமீட்டருக்கு மேல். குண்டு செய்த கூட்டத்திலிருந்து வந்த ஒருவர் எழுதியது இது.

1954-ல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் கொடுத்தார்கள். குறி வைத்தது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு. 1957-ல் ஸ்வீடனில் உப்சாலா. 1961 முதல் ஹார்வர்டு சைக்ளோட்ரானில் ரேமண்ட் ஜெல்பெர்க் என்ற மூளை அறுவை வைத்தியர் பிட்யூட்டரிக் கட்டிகளுக்கும் மூளை ரத்தக்குழாய்க் கோளாறுகளுக்கும் கொடுத்தார். ஏன் எல்லோரும் தலையிலேயே தொடங்கினார்கள்? தலையை அசையாமல் இறுக்கிப் பிடிக்க முடியும், எலும்பு அடையாளங்களை வைத்து இடம் குறிக்க முடியும். அன்று சி.டி. ஸ்கேன் கிடையாது. வயிற்றில் கட்டி இருந்தால் அது எந்த ஆழத்தில் இருக்கிறது என்றே தெரியாது, பிறகு கதிரை எங்கே நிறுத்துவது? 1970-களில் ஸ்கேன் வந்த பிறகுதான் வில்சனின் யோசனைக்கு உண்மையான கண் கிடைத்தது. அந்த ஹார்வர்டு கருவி 2002 வரை ஓடி, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தது.

அதுவரை பெரும்பாலும் இயற்பியல் கூடங்கள். நோயாளி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். 1990-ல் கலிபோர்னியாவில் லோமா லிண்டாவில் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே புரோட்டான் கருவி வந்தது. அதைச் செய்து கொடுத்தது ஃபெர்மி ஆய்வகம். அந்த ஆய்வகத்தை உருவாக்கி முதல் இயக்குநராக இருந்தவர் யார் தெரியுமா? அதே வில்சன்.

இனி நம் பக்கம் வருவோம்.

சென்னை மாகாணத்தில் கதிர் வைத்தியம் பழையது. சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-லேயே திறக்கப்பட்டது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தைப் பல வருடம் மனதில் வைத்திருந்து, 1952-ல் நேருவை அழைத்து அடிக்கல் நாட்டி, 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைப் 12 படுக்கையோடு தொடங்கினார். 1950-களின் பிற்பகுதியிலேயே அங்கே கோபால்ட் கருவி வந்துவிட்டது, ஆசியாவின் முதல் கோபால்ட் கருவிகளில் அது ஒன்று. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதைக் கட்டிக் காத்த கதையை என் வகுப்பில் படித்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அண்ணாவின் பெயரில் காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருப்பதையும் பலர் மறந்துவிடுகிறோம்.

நம் மாமல்லபுரம் கடற்கரைக்காரர்களுக்குக் கதிர் என்றால் கல்பாக்கம்தான். 1971-ல் உலை ஆராய்ச்சி மையம் தொடங்கியது, 1983-ல் மின் நிலையத்தின் முதல் உலை இயங்கியது. அங்கே மின்சாரம் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அங்குள்ள வேக ஈனுலையில் இட்ரியத்தை வைத்து ஸ்ட்ரான்ஷியம்-89 எடுத்திருக்கிறார்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவி வலியில் துடிப்பவர்களுக்கு அந்த வலியைக் குறைக்கும் மருந்து அது. அந்த மாற்றத்தில் நடப்பது என்ன? இட்ரியம் அணு ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு ஒரு புரோட்டானை வெளியே தள்ளுகிறது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே புரோட்டான் விளையாடிக்கொண்டிருக்கிறது.

சிகிச்சைப் புரோட்டான் நம் ஊருக்கு வந்தது 2019 ஜனவரியில். தரமணியில் அப்போலோ புரோட்டான் புற்றுநோய் மையத்தை அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு திறந்து வைத்தார். தெற்காசியாவிலேயே முதலாவது. மாமல்லபுரத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் நேராகப் போனால் அது முடியும் பக்கம். பெல்ஜியத்தில் செய்த சைக்ளோட்ரான், எடை சுமார் 220 டன். அங்கிருந்து கிளம்பும் புரோட்டானின் வேகம் ஒளியின் வேகத்தில் அறுபது சதவீதம். கிளம்பும் அறை ஓரிடம், நோயாளி படுக்கும் அறை வேறிடம், நடுவே காந்தங்கள் வரிசையாக நின்று கதிரை வளைத்துக் கொண்டுபோகும். நோயாளியைச் சுற்றித் திரும்பும் இரும்புச் சட்டம் மட்டும் மூன்று மாடி உயரம். நோயாளி கண்ணுக்குத் தெரிவது ஒரு வெள்ளை அறையும் ஒரு மேசையும்தான்.

சரி, ஏன் இதையெல்லாம் படித்தேன்? சென்ற ஆண்டு மதுராந்தகம் பக்கத்து மாணவன் ஒருவன் போன் செய்தான். அவன் அண்ணனுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும், மூளையில் கட்டி. அறுவை முடிந்து பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கிளியோபிளாஸ்டோமா என்று எழுத்துக்கூட்டிப் படித்தான். யாரோ உறவினர் புரோட்டான் வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். செலவு இருபது லட்சத்தைத் தாண்டும். "சார், ஏரிக்கரை நிலத்தைப் பேசி முடிச்சிட்டோம். முன்பணம் நாளைக்கு. நீங்க என்ன சொல்றீங்க?" என்றான்.

நான் என்ன சொல்ல? "தம்பி, நான் வாத்தியார். ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போய், கதிர் வைத்தியர் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேள். இந்தக் கட்டிக்கு, இந்த வயதுக்கு, புரோட்டானால் ஆயுள் கூடும் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்களா என்று கேள். முன்பணத்தை ஒரு வாரம் தள்ளி வை" என்றேன். இரண்டு பேரும் இல்லை என்று சொன்னார்கள். அதில் ஒருவர் புரோட்டான் வைத்தியத்தில் பயிற்சி பெற்றவர்தான். நேர்மையானவர்.

ஏன் இல்லை என்று எனக்கு விளங்க நாள் பிடித்தது. புரோட்டானின் பலம் அதன் கூர்மையான விளிம்பு. இந்தக் கட்டிக்கு விளிம்பே கிடையாது. ஸ்கேனில் தெரிவது கட்டியின் உடல் மட்டும், அதைச் சுற்றி நல்ல மூளைக்குள் வேர் விட்ட மாதிரி கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் ஊடுருவி இருக்கும். வயலில் கோரைப் புல்லைப் பார்த்திருப்பீர்கள், மேலே தெரிவதைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். அதனால் எந்தக் கதிராக இருந்தாலும் கட்டியைச் சுற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு அகலமாகக் கொடுத்த பிறகு கூர்மைக்கு என்ன வேலை? 2005-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, ஆறு வாரக் கதிரோடு டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்த்தால் சராசரி ஆயுள் 12 மாதத்திலிருந்து 14 மாதத்துக்குச் சற்று மேலே போகிறது என்று காட்டியது. இன்றும் அதுதான் அடிப்படை வைத்தியம். ஹூஸ்டனில் எக்ஸ்ரேயையும் புரோட்டானையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட சிறிய ஆய்வு 2021-ல் வெளியானது. நினைவும் சிந்தனையும் மங்குவதைப் புரோட்டான் தள்ளிப்போடுமா என்று பார்த்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. சோர்வு மட்டும் கொஞ்சம் குறைவு.

அண்ணனுக்கு அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே வகைக் கதிரே கொடுத்தார்கள், காப்பீட்டுத் திட்டத்தில். பதினான்கு மாதம் இருந்தார். ஒரு போகம் நெல் அறுத்ததை வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நிலம் இப்போது அவர் மகள் பேரில் இருக்கிறது. குடும்பத்தார் எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

அப்படியானால் புரோட்டான் வெறும் ஆடம்பரமா? அப்படிச் சொன்னால் அதுவும் பொய். குழந்தைகள் விஷயத்தில் கதையே வேறு. மெடுலோபிளாஸ்டோமா என்று சிறு பிள்ளைகளுக்குப் பின்மூளையில் வரும் கட்டி ஒன்று உண்டு. வேகமாக வளரும், முதுகுத்தண்டு நீர் வழியாகப் பரவும். அதனால் மூளை முழுவதுக்கும் முதுகெலும்பு முழுவதுக்கும் கதிர் கொடுக்க வேண்டும். எக்ஸ்ரேயை முதுகு வழியாகச் செலுத்தினால் அது முன்பக்கம் வெளியேறும்போது தைராய்டு, இதயம், நுரையீரல், குடல் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகும். புரோட்டான் முதுகெலும்போடு நின்றுவிடும். இந்தக் கட்டியில் ஆபத்துக் குறைந்த பிரிவில் ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் ஐந்து ஆண்டைத் தாண்டுகிறார்கள். பிழைக்கும் வாய்ப்பு எக்ஸ்ரேயிலும் ஏறக்குறைய அதேதான். ஆனால் பிழைத்த பிள்ளைக்கு இன்னும் அறுபது வருட வாழ்க்கை பாக்கி இருக்கிறதே! அந்த அறுபது வருடத்துக்கு நல்ல இதயம் வேண்டும், வேண்டாத கதிரால் இன்னொரு புற்றுநோய் வராமல் இருக்க வேண்டும். எபெண்டிமோமா போன்ற மற்றக் குழந்தைக் கட்டிகளுக்கும், மண்டையோட்டின் அடியில் பார்வை நரம்பை ஒட்டி வரும் சில கட்டிகளுக்கும் இதே நியாயம். ஐந்து வயதுப் பிள்ளைக்காக ஒரு தகப்பன் நிலத்தை விற்கப் போகிறேன் என்றால் நான் ஒரு வாரம் தள்ளி வை என்று சொல்லியிருக்க மாட்டேன், கையோடு கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

ஆய்வு ஆய்வு என்கிறாரே, நாலு பேர் குணமானார்கள் என்றால் போதாதா என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் நம் செங்கல்பட்டு. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களைக் காக்கிறதா என்று பார்க்க, 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டமாக இருக்கும் பக்கத்துக் கிராமங்களில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு உண்மை மருந்து, சிலருக்கு வெறும் நீர். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. 1979-ல் முடிவு வந்தபோது உலகமே அதிர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை! (குழந்தைகளுக்குப் போடுவதை நிறுத்திவிடாதீர்கள், அவர்களுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது.) இன்றும் எந்த நாட்டு மருத்துவப் புத்தகத்திலும் "செங்கல்பட்டு ஆய்வு" என்று நம் ஊர்ப் பெயர் இருக்கிறது. அந்த முடிவைத் தந்தவர்கள் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட நம் கிராமத்து மக்கள். அவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

விலை என்னாகும்? கருவி பெரிது, கட்டடம் பெரிது, இயக்க ஆள் நிறைய வேண்டும், அதனால் சீக்கிரம் மலிவாகாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்தான் உச்சம், புரோட்டான் செலவு அதைப் போல பல மடங்கு. ஒரு நல்ல செய்தி, நவி மும்பையில் கார்கரில் டாடா நினைவு மையத்தின் புரோட்டான் வசதி 2023 மே 11 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தனியார் அல்ல, அணுசக்தித் துறையின் கீழ் வரும் நிறுவனம், கல்பாக்கத்தின் உடன்பிறப்பு. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்பட்டால் அங்கும் விசாரியுங்கள். ரயில் பயணத்துக்கு நோயாளிச் சலுகை உண்டு, மருத்துவமனைச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

பரிசோதனை முடிவைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி "சார் பாத்து சொல்லுங்க" என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆனால் எந்த வைத்தியரிடம் என்ன கேட்பது என்று தாளில் எழுதிக்கொள்ள உதவி வேண்டுமானால் மாலை ஐந்து மணிக்கு மேல் போன் செய்யுங்கள். நம் மாணவர்களில் கதிர் சிகிச்சைத் தொழில்நுட்பம் படித்து வேலையில் இருப்பவர்கள் மூன்று பேராவது உண்டு. நான் மேலே எழுதியதில் சேர்க்க வேண்டியது ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள் பிள்ளைகளே, எல்லோரும் படிப்பார்கள்.